செய்கூலியும் உண்டு, சேதாரமும் உண்டு: 4,100 பவுண்டு ஸ்டீல் சைக்கிள்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 4,100 பவுண்டு. நம்மூர்க் கணக்கில் நாலு லட்சத்துச் சொச்சம். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, கார்பன் ஃபைபரும் கிடையாது, சாதாரண ஸ்டீல் ஃபிரேம்தான், என் உடம்புக்கு அளவெடுத்துக் கையால் செய்தது. அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு நாலு ஸ்கூட்டி வாங்கலாமேடி" என்றாள். கணக்கு சரிதான். நானும் மறுக்கவில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தில், டெர்பி பக்கம். உயரம் 5 அடி, ஷூ போட்டால் ஒரு விரற்கடை கூடும். இந்த உயரத்தை வைத்துக்கொண்டு இங்கே சைக்கிள் தேடி அலைந்தவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்வது சட்டென்று புரியும். எல்லாக் கம்பெனியும் சின்ன சைஸ் என்று ஒன்று வைத்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அது பெரிய சைக்கிளைக் குறுக்கியதுதான், சக்கரம் மட்டும் பெரியவர்களுக்கு உள்ள அதே 700சி, அதாவது ரிம் விட்டம் 622 மில்லிமீட்டர். சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு ஃபிரேமை மட்டும் குறுக்கினால் முன்சக்கரம் காலுக்குப் பக்கத்தில் வந்துவிடும், மெதுவாக வளைந்து திரும்பும்போது ஷூ நுனி டயரில் இடிக்கும். அதைத் தவிர்க்க ஹேண்டில் பார் நிற்கும் முன்குழாயைச் சாய்ப்பார்கள், சீட்டுக்குக் கீழே இருக்கும் குழாயை நிமிர்த்துவார்கள். உடம்பு முன்னால் சரிந்து பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். என் பழைய சைக்கிளில் இரண்டும் இருந்தன, மணிக்கட்டு வலியும் கால் இடிப்பதும். ஒருநாள் ரவுண்டானாவில் நடக்கிற வேகத்தில் திரும்பும்போது கால் இடித்து அப்படியே சாய்ந்தேன். பின்னால் வந்த கார்க்காரர் இறங்கி வந்து தூக்கிவிட்டார். அடி ஒன்றும் பெரிதில்லை, மானம்தான் போயிற்று.

ரெடிமேட் ரவிக்கை சிலருக்கு அப்படியே பொருந்தும், சிலருக்கு எத்தனை தையல் பிரித்தாலும் தோள் நிற்காது. சைக்கிளிலும் நான் இரண்டாவது ரகம் என்று புரிந்துகொள்ள இரண்டு வருடமும் மூன்று ஹேண்டில் பார் மாற்றமும் ஆயின.

சரி, அளவெடுத்து ஃபிரேம் செய்யும் பட்டறை ஒன்றுக்குப் போனேன். ஒரு பண்ணைக்குப் பின்னால் பழைய கொட்டகை, ஒரே ஒரு ஆள். பெயர் சொல்லப் போவதில்லை, ஏன் என்பது பின்னால் வரும். இரண்டு மணி நேரம் அளவெடுத்தார். கால் நீளம், கை நீளம், தோள் அகலம் மட்டுமில்லை, எல்லாப் பக்கமும் நீட்டிக் குறுக்கக்கூடிய ஒரு அளவு சைக்கிளில் ஏற்றி அரை மணி நேரம் மிதிக்கவிட்டு, எங்கே வலிக்கிறது, எவ்வளவு தூரம் ஓட்டுவாய், பின்னால் பை மாட்டுவாயா, மழையில் போவாயா என்று டாக்டர் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கே தீர்ப்பும் சொன்னார். 700சி வேண்டாம், 650பி போடுவோம். அதன் ரிம் 584 மில்லிமீட்டர், அதே தடிமன் டயர் போட்டால் ஆரத்தில் 19 மில்லிமீட்டர் மிச்சம். கேட்க அற்பமாகத்தான் இருக்கும், அந்த 19 மில்லிமீட்டரும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்த முன்சக்கரமும் சேர்ந்துதான் என் காலைக் காப்பாற்றின.

எனக்கு லக் வைத்த ஃபிரேம்மேல் ஆசை. குழாய்கள் சேரும் இடத்தில் பூவேலை மாதிரி வெட்டிய உறை இருக்குமே, பழைய இங்கிலீஷ் சைக்கிள்களின் அழகே அதுதான். அவர் தலையாட்டிவிட்டார். லக் எல்லாம் குறிப்பிட்ட கோணத்தில் வார்த்து வருபவை, ஒன்றிரண்டு டிகிரி வளைக்கலாம், உன் அளவுக்கு வரும் கோணங்களுக்கு அது கஷ்டம் என்றார். அதனால் பித்தளை வைத்துப் பற்றவைத்து, மூட்டில் திரண்டு நிற்கும் பித்தளையை அரத்தால் ராவி வழவழப்பாக்கும் முறை. நம்மூர் கேஸ் வெல்டிங் பட்டறையில் பார்த்ததுதான், ஆனால் இங்கே குழாயின் நடுப்பகுதித் தடிமன் வெறும் அரை மில்லிமீட்டர். பித்தளை ஓடுவதற்குக் கிட்டத்தட்ட 900 டிகிரி சூடு வேண்டும். சூடு கொஞ்சம் கூடிப் போனால் குழாய் கெட்டுவிடும், குறைந்தால் பித்தளை உள்ளே இறங்காமல் மேலேயே உட்கார்ந்துவிடும். பொடி வைத்து ஊதும் பொற்கொல்லர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் நிதானம் தெரியும்.

குழாய் ரெனால்ட்ஸ் 725. பேனா கம்பெனி இல்லை, பர்மிங்காம்காரர்கள். 1841-இல் ஆணி செய்ய ஆரம்பித்த குடும்பம், 1897-இல் இரண்டு முனையிலும் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் குழாய் இழுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். சூடு படுவதும் விசை சேருவதும் மூட்டில்தான், அங்கே தடிமன் இருந்தால் போதும், நடுவில் எதற்கு வீண் எடை? என் குழாய்களில் முனையில் 0.8, நடுவில் 0.5 மில்லிமீட்டர். 1935-இல் வந்த அவர்களுடைய 531 குழாயில் பல தலைமுறைப் பந்தய வீரர்கள் ஓட்டினார்கள். இதில் நமக்கும் ஒரு உறவுமுறை இருக்கிறது. 1928-இல் ரெனால்ட்ஸ் சேர்ந்த ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமம்தான் பிற்பாடு முருகப்பா குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949-இல் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூர் ஹெர்குலிஸும் என் ஃபிரேமும் ஒன்றுவிட்ட சொந்தம். அப்பாவிடம் சொன்னேன், அவர் 4,100 பவுண்டை மன்னித்த ஒரே காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி கணக்கு. ஃபிரேமும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் 2,350. விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ ஹப் வைத்துக் கையால் கோத்த சக்கரங்கள் 560, கியரும் பிரேக்கும் 620, ஹேண்டில் பார், சீட், டயர், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து 570. ஃபிரேமைத் தவிர மற்றதெல்லாம் எந்தச் சைக்கிளிலும் இருப்பதுதான், அதனால் விவாதம் 2,350-ஐப் பற்றி மட்டும். அவரிடமே கேட்டேன், மறைக்காமல் சொன்னார். குழாய், மற்ற உதிரி எல்லாம் 380, வெளியில் கொடுத்து அடிக்கும் பெயிண்டுக்கு 350. மிச்சம் 1,620 அவர் கைக்கு. வேலை சுமார் ஐம்பது மணி நேரம், அதில் அளவெடுப்பதும் படம் வரைவதும் என் நாற்பது மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியதும் சேர்த்தி. மணிக்கு 32 பவுண்டு. அதற்குள் கொட்டகை வாடகை, கேஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் அடக்கம். எங்கள் வீட்டு பாத்ரூம் குழாயைச் சரிசெய்ய வந்தவர் மணிக்கு 60 வாங்கினார், டீயும் குடித்தார். வருஷத்துக்கு இருபது, இருபத்தைந்து ஃபிரேம்தான் இவரால் செய்ய முடியும். இங்கே ஆண்டு வரவு 90,000 பவுண்டைத் தாண்டாத தொழில் வாட் பதிவு செய்யத் தேவையில்லை என்பதால் அந்த 20 சதவீத வரி என் தலையில் விழவில்லை. ஆக, விலை அதிகமா என்றால் எனக்கு அதிகம், அவருக்குக் குறைவு. இரண்டும் உண்மை.

ஸ்டீலுக்காக இவ்வளவு கொடுத்தேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நகைக்கடையில் தங்கத்தின் விலைதான் பெரிது, செய்கூலி ஓரமாக வரும். இங்கே தலைகீழ், உலோகம் அற்பம், முக்கால்வாசி கைவேலை. "ஸ்டீல் என்றால் ஓட்டம் பட்டு மாதிரி இருக்கும்" என்று பக்தர்கள் பாடுவதை நானும் கேட்டிருக்கிறேன். விலை உயர்ந்த ஸ்டீலும் மலிவான ஸ்டீலும் வளையும் தன்மையில் ஏறக்குறைய ஒன்றுதான். உயர்ந்த ரகம் உறுதியானது என்பதால் மெல்லியதாக இழுக்கலாம், எடை குறையும், அவ்வளவுதான். அந்தப் பட்டு மாதிரி ஓட்டத்தில் பெரும்பங்கு என் 42 மில்லிமீட்டர் டயருடையது. அந்தப் பெருமையை முப்பத்தைந்து பவுண்டு டயருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

பதினாலு மாதத்தில் ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. பீக் டிஸ்ட்ரிக்ட் மேடுகள், டிசிங்டன் ட்ரெயில் என்னும் பழைய ரயில் பாதை, தினமும் வேலைக்கு. மணிக்கட்டு வலி போயே போய்விட்டது. கால் ஒருமுறைகூட இடிக்கவில்லை. 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து சமைக்க முடிகிறது, முன்பு 40 தாண்டினால் கழுத்து திரும்பாது. மட்கார்டு, கேரியர், விளக்கோடு 11 கிலோ சொச்சம். இதே மாதிரி கார்பன் ஃபிரேமாக இருந்தால் ஒரு கிலோ குறைந்திருக்கும். வின்னட்ஸ் பாஸ் ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன், ஒரு கிலோ குறைந்திருந்தாலும் தள்ளித்தான் இருப்பேன்.

இப்போது குறைகள். ஆறு மாதம் என்றார், பதிமூன்று மாதம் ஆயிற்று. நடுவில் ஆறு வாரம் மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை, முன்பணம் 500 பவுண்டு அவரிடம். தீபாவளிக்கு முதல்நாள் தையல்காரர் சொல்லும் "நாளைக்கு வாங்கக்கா" இங்கிலாந்திலும் உண்டு என்று தெரிந்துகொண்டேன், கொஞ்சம் மரியாதையான இங்கிலீஷில். உடம்பு சரியில்லாமல் இருந்தாராம், கோபப்படவும் முடியவில்லை. ஆனால் ஒற்றை ஆள் பட்டறையில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கும். ஒற்றை ஆள் என்றில்லை, எங்கள் டெர்பியில் 1946 முதல் ஃபிரேம் செய்த மெர்சியன் கம்பெனியே 2024-இல் மூடுவதாக அறிவித்து, பிறகு உள்ளூர்க்காரர்கள் வாங்கியதால் பிழைத்தது.

அடுத்தது நிறம். மயில்கழுத்து நிறம் கேட்டேன். என் கல்யாணப் புடவை முந்தானையைப் படம் எடுத்து அனுப்பினேன், தப்பு என்னுடையதும்தான், போனில் எடுத்த படத்தை நம்பி யாராவது பெயிண்ட் கலப்பார்களா? வந்தது ராமர் பச்சை. வீட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியவில்லை, "ரெண்டும் ஒண்ணுதானே" என்கிறார். இல்லை, ஒன்றில்லை. மறுபடி அடிக்க இன்னொரு 350 பவுண்டும் இரண்டு மாதமும் ஆகும் என்றதும் ராமரோடு சமாதானம் ஆகிவிட்டேன்.

உண்மையிலேயே எரிச்சல் தருவது பாட்டில். சீட் குழாயில் பாட்டில் மாட்டும் திருகுகளை இரண்டு சென்டிமீட்டர் மேலே வைத்துவிட்டார், பாட்டிலை உருவினால் மேல்பாரில் இடிக்கிறது. பக்கவாட்டில் உருவும் தாங்கி ஒன்று வாங்கிச் சமாளிக்கிறேன். என் உடம்புக்கு மில்லிமீட்டர் கணக்கில் அளந்தவர் பாட்டிலை அளக்க மறந்துவிட்டார், 2,350 பவுண்டுக்கு இது வந்திருக்கக் கூடாது. பேசியபோது ஒத்துக்கொண்டார், அடுத்த முறை பெயிண்ட் அடிக்கும்போது இலவசமாக மாற்றித் தருகிறேன் என்றார். அடுத்த முறை எப்போது?

"ஸ்டீல் என்றால் எந்த ஊரிலும் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம்" என்ற வாதத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். அரை மில்லிமீட்டர் குழாயை நம்மூர் கேட் கிராதி செய்யும் பட்டறையில் கொடுத்தால் ஓட்டைதான் திரும்பி வரும். தெரிந்தவர் கையில் குழாயையே மாற்றலாம், உண்மைதான், ஆனால் அதற்குப் பிறகு முழு பெயிண்டும் அடிக்க வேண்டும். அப்புறம் சேதாரம். நகையை விற்றால் தங்க விலையாவது வரும். 5 அடி ஆளுக்கு அளவெடுத்த ராமர் பச்சை ஃபிரேமை யார் வாங்குவார்கள்? விற்கப் போனால் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். ரயில் நிலையத்தில் பூட்டிவிட்டுப் போகவும் மனசு வராது, அதற்குப் பழைய சைக்கிளையே வைத்திருக்கிறேன்.

யார் வாங்கலாம் என்றால், ரொம்பக் குள்ளம், ரொம்ப உயரம், ஒரு கால் நீளம் குறைவு, முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள், இந்த மாதிரி கடை அளவு ஒத்துவராதவர்கள். 5 அடி 6-இலிருந்து 6 அடிக்குள் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: தைவானில் செய்த நல்ல ஸ்டீல் சைக்கிள் முழுசாகவே 1,500 முதல் 2,000 பவுண்டுக்குள் வருகிறது, போய் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். அதைவிட லாபம் பழைய 531 ஃபிரேம், 200 பவுண்டு சுற்றில் இங்கே சாதாரணமாகக் கிடைக்கும், யாரோ ஒருவர் அந்தக் காலத்தில் சேதாரத்தைக் கட்டிவிட்டார், நீங்கள் கட்ட வேண்டியதில்லை. கைவேலைதான் வேண்டும், அளவு முக்கியமில்லை என்றால் பிராம்ப்டன் மடக்கு சைக்கிள் இருக்கிறது, லண்டனில் இன்னும் கையால்தான் பற்றவைக்கிறார்கள், வைத்தவர் தன் அடையாளத்தை ஃபிரேமில் குத்திவிடுவார்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு தம்பி, உயரம் 5 அடி 9, எந்தக் கடையில் நடுத்தர சைஸ் எடுத்தாலும் அவனுக்கென்றே செய்தது போல் உட்காருவான். என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான். உனக்கு இது தேவையே இல்லைடா, அந்தப் பணத்தில் பாதிக்கு நல்ல வண்டி வாங்கி மீதியில் ஊருக்குப் போய்விட்டு வா என்று தெளிவாகச் சொன்னேன். போன வாரம் அதே கொட்டகையில் முன்பணம் கட்டிவிட்டு வந்து நிற்கிறான். எட்டு மாதம் என்றாராம். நிறத்தை மட்டும் குறியீட்டு எண்ணோடு எழுதிக் கொடு, பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போ என்றேன்.