பழைய காருக்கு எதை ஊற்றலாம்? வடசென்னைக்கான ஓர் ஒப்பீடு

பத்து வருஷம் தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் மெக்கானிக் ஷெட்டில் சேர்ந்தால், பேச்சு எஞ்சின் ஆயிலில்தான் தொடங்கும். மினரலா சிந்தெடிக்கா, 5டபிள்யூ-30ஆ 20டபிள்யூ-50ஆ என்று ஒரு மணி நேரம் ஓடும். ரேடியேட்டரில் என்ன ஊற்றியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்பது பலருக்கு ஞாபகமே இருக்காது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, மணலி, வியாசர்பாடி பக்கம் ஓடும் பழைய வண்டிக்கு இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. முதல் செலவு ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்டுக்கு, அடுத்தது பிரேக் ஆயிலுக்கு, அப்புறம்தான் எஞ்சின் ஆயில்.

குழாய்த் தண்ணீரா, கூலன்டா?

எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கம் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளையாகப் படியும். மீஞ்சூர் வரைக்கும் கடல்நீர் நிலத்தடியில் ஏறிவிட்ட பகுதி இது. அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அதிலுள்ள உப்பு அலுமினிய சிலிண்டர் ஹெட்டை அரிக்கும், சுண்ணாம்பு படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். "நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலைதான். நமக்கு வேண்டியது அதன் மற்ற வேலைகள்: துருவைத் தடுப்பது, வாட்டர் பம்ப் சீல் காய்ந்துபோகாமல் பார்ப்பது, கொதிநிலையை உயர்த்துவது.

தண்டையார்பேட்டையில் ஒரு ஷெட்டில் பதினான்கு வயசு ஹேட்ச்பேக் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார்கள். ரேடியேட்டர் மூடியின் அடியில் செம்மண் குழம்பு மாதிரி ஒரு பிசுக்கு. வாட்டர் பம்பின் இறக்கைகள் பாதி அரித்துப்போய், விரலால் அழுத்தினால் உடையும் நிலையில் இருந்தன. எஞ்சின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. "ஹீட் ஆவுதுன்னு எவனோ கழட்டிப் போட்டுட்டான் சார். அடைப்பு வேற எடத்துல இருக்கு, இத கழட்டி என்ன புண்ணியம்?" என்றார் மெக்கானிக். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். அதுவரை எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், ஈரமும் ஆவியாகாமல் தங்கும். கூலன்டில் செய்த சிக்கனம் ஆயிலைக் கெடுப்பது இப்படித்தான்.

சரி, எந்தக் கூலன்ட்? பழைய கனிம உப்பு வகையில் துருத்தடுப்புச் சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆர்கானிக் அமில வகை ஐந்து வருஷம் வரை தாங்கும், விலையும் கூட. வண்டியில் செம்பு-பித்தளை ரேடியேட்டர் இருந்தால் கனிம வகையிலேயே இருங்கள், அதன் ஈயப் பற்றவைப்புக்கு அதுதான் பாதுகாப்பு. ரேடியேட்டரை அலுமினியத்துக்கு மாற்றியிருந்தால், முழுக்க ஃப்ளஷ் செய்துவிட்டு ஆர்கானிக் வகைக்குப் போகலாம். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், பின்பக்க லேபிளைப் படிக்க வேண்டும். உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரியாமல் மேலே ஊற்றினால் இரண்டும் சேர்ந்து கூழாகவும் வாய்ப்புண்டு.

கான்சன்ட்ரேட் வாங்கிக் கலப்பதா, கலந்தே வருவதா? நம் பகுதிக்குக் கலந்தே வருவதுதான் மேல். கான்சன்ட்ரேட் வாங்கினால் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்க வேண்டும். பல ஷெட்டுகளில் அது மறந்துபோய்க் குழாய்த் தண்ணீர் உள்ளே போய்விடும். கலவையில் கான்சன்ட்ரேட் 30 சதவீதத்துக்குக் குறைந்தால் துருத்தடுப்பு போதாது. 50-க்கு மேல் போனாலும் நம் ஊரில் பலனில்லை, ஏனென்றால் தண்ணீர் அளவுக்குக் கூலன்டின் மூலப்பொருளான கிளைகால் சூட்டை வாங்கிக்கொள்ளாது. ரேடியேட்டர் மூடியையும் கூடவே மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் தளர்ந்த மூடி அழுத்தத்தைத் தாங்காது, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசைக்கு நடுவே ஊசி சிவப்புக்கு ஏறினால் வேறு கணக்கு. ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, கையிலிருக்கும் குடிநீர் பாட்டிலை ஊற்றி வீடு சேருங்கள். அந்த வாரமே அதை வடித்துவிட்டால் போதும். சூட்டோடு மூடியைத் திறக்க மட்டும் வேண்டாம்.

டாட் 3, டாட் 4

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தரப் பிரிவுகள். புது டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் ஈரம் ஏறியதும் தரம் கேட்பது 140 மட்டுமே. டாட் 4-க்கு இவை 230, 155. தரையோடு தரையாக ஓடும் நம் சாலைகளில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மலையிலிருந்து இறங்கும்போது தொடர்ந்து பிரேக் மிதித்து ஆயிலைச் சூடேற்றுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் ஈரம் செய்யும் இன்னொரு வேலை இங்கேயும் நடக்கும்: மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டரும் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். அதனால் என் தேர்வு டாட் 4, மாற்றும் இடைவெளி இரண்டு வருஷம். டாட் 3 கேட்கும் வண்டியிலும் இதை ஊற்றலாம், இரண்டும் கிளைகால் வகைதான். நாலு வருஷமாக மாற்றாத டாட் 4-ஐவிடப் போன மாசம் மாற்றிய டாட் 3 நல்லது. டாட் 5 சிலிக்கான் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது வேறு, அது கிளைகால். கடைக்காரரே சில சமயம் இரண்டையும் குழப்புவார்.

சின்ன பாட்டிலாகவே வாங்குங்கள். திறந்து அலமாரியில் வைத்த மிச்சம் அடுத்த முறைக்கு உதவாது.

எஞ்சின் ஆயில்: மினரல், செமி, சிந்தெடிக்

கேனில் டபிள்யூவோடு இருக்கும் எண் குளிர்காலத்துக்கானது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15-இல். மார்கழி விடியற்காலையிலும் பெரிதாகக் குளிராத ஊரில் அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. பின்னால் வரும் எண்தான் நமக்கு முக்கியம். 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அது சொல்லும். கோடையில், ஏசி போட்டுக்கொண்டு, முதல் கியரில் ஊரும்போது தேய்ந்த பேரிங்குக்குத் தேவை அந்தக் கெட்டித்தன்மை.

மணலியில் ஆலை வைத்திருக்கும் சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம்) நிறுவனம், 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கியது. கச்சா எண்ணெயிலிருந்து லூப் பேஸ் ஆயில் எடுக்கும் ஆலைகளில் அதன் ஆலையும் ஒன்று. மினரல் ஆயிலுக்கு மூலப்பொருள் இந்த மாதிரி பேஸ் ஆயில்தான். அது மட்டமான சரக்கு இல்லை, சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும், அவ்வளவே. சிந்தெடிக் அதே சூட்டில் அதிக நாள் தாங்கும், கசடு குறைவாகச் சேரும், விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும்.

இங்கேதான் நம் பகுதி கணக்கை மாற்றுகிறது. கையேட்டில் கடினமான ஓட்டம் என்று ஒரு பகுதி இருக்கும்: தூசி, நின்று நின்று போவது, குறைந்த தூரப் பயணம். மணலி விரைவுச் சாலையில் லாரிக்குப் பின்னால் நின்று, மூலக்கடையில் நின்று, பேசின் பாலத்தில் நின்று போகிறவருக்கு இந்த மூன்றும் தினசரி வாழ்க்கை. மீட்டர் ஓடாது, எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். கேனில் 10,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் நமக்கு அது 5,000, அல்லது ஆறு மாசம். அப்படிச் சீக்கிரம் மாற்றத்தான் போகிறோம் என்றால், அதிக நாள் தாங்கும் என்பதற்காகச் சிந்தெடிக்குக்குக் கொடுக்கும் காசு பாதி வீண்.

ஆகவே டர்போ இல்லாத பழைய பெட்ரோல் வண்டிக்கு (ஆல்டோ, சாண்ட்ரோ, வேகன்ஆர் மாதிரி) மினரலும் சிந்தெடிக்கும் கலந்த செமி சிந்தெடிக் 10டபிள்யூ-40, கையேடு அந்த கிரேடை அனுமதித்தால். லேசாக ஆயில் குடிக்க ஆரம்பித்த வண்டிக்கு மினரல் 20டபிள்யூ-50 போடலாம், மைலேஜ் கொஞ்சம் குறையும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்து நீலப் புகை தள்ளும் வண்டிக்குச் சிந்தெடிக் ஊற்றுவது காசைக் கரியாக்குவது. அந்தப் பணத்தை ரிங், வால்வ் சீல் வேலைக்குச் சேர்த்து வையுங்கள்.

டர்போ டீசல் என்றால் என் பதில் மாறும். ஸ்விஃப்ட், ரிட்ஸ், விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும் வந்த 1.3 லிட்டர் டீசலில் டர்போவும் இருக்கிறது, டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அதில் கையேடு சொன்ன கிரேடில் சிந்தெடிக்தான், பேரமே வேண்டாம்.

சிந்தெடிக் ஊற்றினால் லீக் ஆகும் என்ற பயம் பலருக்கு உண்டு. இன்றைய சிந்தெடிக்குகள் சீலைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே இறுகி வெடித்த சீலைக் கசடு அடைத்துக்கொண்டிருந்தால், ஆயில் அதைக் கழுவிவிட்டதும் கசிவு வெளியே தெரியும். பழி ஆயிலுக்கு, கோளாறு சீலில்.

நம் பகுதியில் இன்னொரு போட்டியாளர் உண்டு: லாரி ஷெட்டில் பேரலிலிருந்து அளந்து தரும் 15டபிள்யூ-40. மாதவரத்திலும் எண்ணூரிலும் மலிவாகக் கிடைக்கும். ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) டீசலுக்கு வகுத்த சிஐ-4 தர ஆயில் பழைய டீசல் இண்டிகாவுக்குப் பொருந்தும், ஆனால் சீல் உடையாத கேனில் வாங்கினால் மட்டும். பெட்ரோல் காருக்கு லேபிளில் எஸ்எல் அல்லது அதற்கு மேற்பட்ட பெட்ரோல் தரமும் சேர்ந்து இருக்க வேண்டும். இல்லையென்றால் அதிலுள்ள சேர்மானங்கள், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். பேரலில் இருப்பது என்ன என்று பேரல்காரருக்கே தெரியாத ஆயிலை எந்த வண்டிக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மற்றவை

கியர் பாக்ஸில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரங்களைப் பற்றிக் குழப்பம் உண்டு. எண் பெரிசாக இருப்பதால் ஜிஎல்-5 உசத்தி என்று நினைத்து ஊற்றிவிடுகிறார்கள். அதிலுள்ள கூடுதல் கந்தகச் சேர்மானம் கியர் பாக்ஸின் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். கையேடு ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 மட்டும்.

பவர் ஸ்டீரிங்கில் ஆயில் டாங்க் இருந்தால் மூடியில் எழுதியிருப்பதை ஊற்றுங்கள். எலெக்ட்ரிக் ஸ்டீரிங் வண்டியில் அந்த வேலையே இல்லை. எஞ்சின் ஃப்ளஷ், லீக் அடைக்கும் மருந்து, பிக்கப் கூட்டும் பாட்டில் எதுவும் வேண்டாம். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் ஃப்ளஷ் ஊற்றினால் கழன்று வரும் கசடு ஆயில் பம்பின் வலையை அடைத்துவிடும் ஆபத்து நிஜம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மாதிரி வண்டி தண்ணீரில் நின்றால் எந்த ஒப்பீடும் செல்லாது. ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு போய், எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்ற வேண்டும். கியர் பாக்ஸில் காற்று போக ஒரு சின்ன வழி உண்டு, வெள்ளம் அதன் வழியாகவே உள்ளே போகும். வடிக்கும்போது ஆயில் பால் கலந்த நிறத்தில் வந்தால் ஒரு தடவை மாற்றினால் போதாது. மலிவான ஆயிலை ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, வடித்துவிட்டு, நல்லதை ஊற்றுங்கள்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற விடாதீர்கள். அதே டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் வலையும் படகும் என்ன ஆயின என்று பார்த்த ஊர் நம்முடையது. பழைய ஆயிலை எடுத்துப் போய் மறுசுத்திகரிப்புக்குக் கொடுப்பவர்களோடு தொடர்பு வைத்திருக்கும் ஷெட்டாகப் பார்த்து வண்டியை விடுங்கள். புது ஆயில் ஊற்றியதும் காலி கேனைக் கேட்டு வாங்கி, அடியில் ஆணியால் ரெண்டு ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்துவிடுங்கள். முழுசாகக் கிடைக்கும் காலி கேனுக்குப் பழைய பொருள் சந்தையில் நல்ல விலை கிடைப்பது, அதில் மறுபடி எதையோ நிரப்பி விற்கத்தான்.