பார்படோஸில் குடும்பத்தோடு தங்க: மேற்குக் கரையா, தெற்குக் கரையா?

பார்படோஸ் தீவின் நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23 கிலோமீட்டர். இவ்வளவு சிறிய தீவில் எங்கே தங்கினால் என்ன, எல்லாமே கைக்கெட்டும் தூரம்தானே என்று எண்ணி, டொராண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் குளிர்கால விடுமுறைக்குக் கிளம்பும் நம்மவர்கள் பலர் அறையின் படங்களையும் வாடகையையும் மட்டும் பார்த்து முன்பதிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் இந்தத் தீவில் கடல் கரைக்குக் கரை மாறுகிறது. நான்கு வயதுக் குழந்தை பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு அச்சமின்றி இறங்கக்கூடிய கடல் ஒரு பக்கம் இருக்கிறது. நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவரும் இறங்கத் துணியக் கூடாத கடல் மறுபக்கம் இருக்கிறது. ஆகவே குடும்பமாகச் செல்பவர்கள் முதலில் கரையை முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே விடுதியா, சமையலறையுள்ள அடுக்ககமா என்ற கேள்விக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடலின் இந்த வேறுபாட்டுக்குக் காற்றுதான் காரணம். ஆண்டின் பெரும்பகுதியில் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும் வியாபாரக் காற்று, அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகளைத் திரட்டிக் கொண்டுவந்து தீவின் கிழக்குக் கரையில் நேராக மோதவிடுகிறது. மேற்குக் கரைக்குத் தீவின் நிலமே அரணாக நிற்பதால் அங்கே கரீபியன் கடல் பெரும்பாலான நாட்களில் குளத்து நீரைப் போல அமைதியாக இருக்கிறது. தெற்குக் கரை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கே கடற்காற்றும் உண்டு, அலையும் உண்டு, பவளத்திட்டுகள் அலையைத் தடுத்து நிறுத்தும் அமைதியான இடங்களும் உண்டு.

மேற்குக் கரை தலைநகர் பிரிட்ஜ்டவுனிலிருந்து வடக்கே ஹோல்டவுன் வழியாக ஸ்பைட்ஸ்டவுன் வரை நீள்கிறது. 1961-இல் திறக்கப்பட்ட சாண்டி லேன் விடுதியைத் தொடர்ந்து செல்வந்தர்களின் வருகையால் புகழ்பெற்ற இந்தக் கரையைப் பிளாட்டினம் கரை என்றே அழைக்கிறார்கள். வாடகையும் அந்தப் பெயருக்கு ஏற்றபடியே இருக்கிறது. ஆயினும் சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு இந்தக் கடல் தரும் நிம்மதியை வேறு எந்தக் கரையும் தருவதில்லை. பெயின்ஸ் விரிகுடாவில் கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் பச்சை ஆமைகள் மேய வருகின்றன. ஹோல்டவுனுக்கு அருகிலுள்ள ஃபோக்ஸ்டன் கடல் பூங்காவில், முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்துகொண்டு பவளத்திட்டு மீன்களைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் எழும் பேரலைகள் எப்போதாவது தீவைச் சுற்றி வந்து இந்தக் கரையையும் ஓரிரு நாள் கலக்குவது உண்டு. மற்றபடி இது அடங்கிய கடல்தான்.

மேற்குக் கரையில் பெற்றோர் குழந்தைகளுக்கு முதல் நாளே காட்ட வேண்டிய ஒன்று உண்டு, அது மான்சினீல் மரம். கடற்கரையை ஒட்டி நல்ல நிழலோடு நிற்கும் இம்மரத்தில் சிறிய பச்சை ஆப்பிளைப் போன்ற காய்கள் காய்த்து மணலில் உதிர்ந்து கிடக்கும். அந்தக் காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். மழை பெய்யும்போது அடியில் ஒதுங்கினால், இலைகளிலிருந்து சொட்டும் நீரில் கலந்த பால் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டி எச்சரித்திருக்கிறார்கள். எனினும் எல்லா மரத்திலும் அந்த அடையாளம் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. இதற்கு அஞ்சி மேற்குக் கரையைத் தவிர்க்க வேண்டியதில்லை. நிழல் கண்ட இடத்தில் பாயை விரிக்கும் நம் வழக்கத்தை மட்டும் அங்கே சற்று நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வாடகையைக் கண்டு மலைத்து மேற்குக் கரையை ஒதுக்கிவிடுபவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. பார்படோஸில் கடற்கரைகள் அனைத்தும் பொதுமக்களுக்குரியவை. எந்த விடுதியும் தன் முன்னாலுள்ள மணலை வேலி போட்டு அடைக்க முடியாது. பெரிய விடுதிகளுக்கு இடையிடையே கடலுக்குச் செல்லும் பொதுப்பாதைகள் இருக்கின்றன. எனவே ஹோல்டவுனில் நெடுஞ்சாலைக்கு உட்புறமாக உள்ள சன்செட் கிரெஸ்ட் பகுதியில் அடுக்ககம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, சில நிமிடம் நடந்து போய், பெரும்பணம் கொடுத்துத் தங்குபவர்கள் குளிக்கும் அதே கடலில் குளிக்கலாம். பல்பொருள் அங்காடியும் உணவகங்களும் அங்கிருந்து நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன. ஹோல்டவுனை விட்டு வடக்கே போனால் இந்த வசதி குறைகிறது. சாலை குறுகலானது, நடைபாதை பல இடங்களில் இல்லை, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது ஆபத்து. ஒவ்வொரு வேளை உணவுக்கும் டாக்சி தேவைப்படும் இடத்தில் தங்குவது குடும்பத்துக்கு ஏற்றதன்று.

தெற்குக் கரையில் நிலைமை நேர்மாறு. ஹேஸ்டிங்ஸ், ராக்லி, வொர்திங், செயின்ட் லாரன்ஸ் கேப், மேக்ஸ்வெல், ஆயிஸ்டின்ஸ் என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஊர்கள் செல்கின்றன. கடைகளும் மருந்தகங்களும் எளிய உணவகங்களும் உள்ளூர் மக்களுக்காகவே நடப்பதால் விலையும் மேற்கைவிடக் குறைவு. ஹேஸ்டிங்ஸிலிருந்து ராக்லி வரை கடலோரமாக அமைத்த நடைபாதை காலையிலும் மாலையிலும் வயதானவர்களுக்கு மிகவும் உகந்தது. தாத்தா பாட்டியை உடன் அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்கு இந்த ஒரு நடைபாதைக்காகவே இப்பகுதியைப் பரிந்துரைப்பேன். நாள் முழுவதும் அறைக்குள் உட்கார்ந்திருக்க நேர்ந்தால் அவர்களுக்கு அது விடுமுறையாகவே இராது.

தெற்கில் கடல் இடத்துக்கு இடம் மாறுவதால், முன்பதிவு செய்வதற்கு முன் எந்தக் கடற்கரைக்கு அருகில் தங்கப் போகிறோம் என்பதைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும். அக்ரா என்றும் அழைக்கப்படும் ராக்லிக் கடற்கரையிலும் டோவர் கடற்கரையிலும், அலைப்பலகையில் படுத்து விளையாடப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற அலை இருக்கிறது. பகல் நேரத்தில் உயிர்காப்பாளர்களும் இருக்கிறார்கள். வொர்திங்கில் வெளியே உள்ள பவளத்திட்டு அலையை உடைத்துவிடுவதால் அதற்கும் கரைக்கும் நடுவே ஆழமற்ற நீர்ப்பரப்பு உருவாகியிருக்கிறது. நீச்சல் பழகாத குழந்தைக்குத் தெற்கில் இதைவிட நல்ல இடத்தை நான் சொல்ல மாட்டேன். ஆயிஸ்டின்ஸ் அருகே, பெயரளவில் அமெரிக்க நகரை நினைவூட்டும் மயாமி கடற்கரையில், ஒருபுறம் அமைதியான நீரும் மறுபுறம் அலையும் இருப்பதால், வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பம் ஒரே மணலில் உட்கார்ந்து இருவகைப் பிள்ளைகளையும் கவனிக்க முடிகிறது. அதற்கும் கிழக்கே உள்ள சில்வர் சாண்ட்ஸ், காற்றாடிப் பலகைச் சறுக்கு வீரர்கள் காற்றைத் தேடிச் செல்லும் இடம். சிறுவர்கள் குளிக்க ஏற்றதன்று. படத்தில் எல்லாம் ஒரே வெண்மணலாகவும் நீலக் கடலாகவும் தெரிவதால்தான் இவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செயின்ட் லாரன்ஸ் கேப் தெருவில் மதுக்கூடங்களின் இசை நள்ளிரவு தாண்டியும் கேட்கும். கைக்குழந்தை உள்ளவர்கள் அந்தத் தெருவிலேயே அறை எடுக்காமல், மேற்கே வொர்திங்கிலோ கிழக்கே மேக்ஸ்வெலிலோ தங்கிக்கொண்டு மாலையில் நடந்து வந்து போவது நல்லது. இரவில் சீழ்க்கை அடிப்பதைப் போல விடாமல் ஒலிக்கும் இன்னொரு சத்தம் தீவு முழுவதும் உண்டு. அது மழைக்குப் பிறகு பெருகும் சிறு மரத்தவளைகளின் குரல். அதற்காக அறையை மாற்றச் சொல்லிப் பயனில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் ஆவலோடு கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

போக்குவரத்திலும் தெற்குக்கே சாதகம் அதிகம். கிராண்ட்லி ஆடம்ஸ் விமான நிலையம் தென்கிழக்கில் இருப்பதால், நீண்ட பயணத்துக்குப் பிறகு களைத்த பிள்ளைகளோடு விரைவில் அறைக்குப் போய்விடலாம். பிரிட்ஜ்டவுனுக்கும் சில்வர் சாண்ட்ஸுக்கும் இடையே தெற்குக் கரைச் சாலையில் இசட்-ஆர் எனப்படும் தனியார் பயணி வேன்கள் 11-ஆம் எண் தடத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வெள்ளை உடலில் அரக்குக் கோடு போட்ட இந்த வேன்களில் பாட்டு அதிரும், ஆட்களை நெருக்கி ஏற்றுவார்கள். கைக்குழந்தையோடு ஏறுவதைவிட, நீல நிறத்தில் மஞ்சள் கோடு போட்ட அரசுப் பேருந்து மேல். கார் எடுத்தால் இடப்பக்கமாக ஓட்ட வேண்டும் என்பதால் லண்டன்காரர்களுக்குச் சிரமமில்லை, டொராண்டோவிலிருந்து செல்பவர்கள் முதல் நாளில் நிதானமாக ஓட்ட வேண்டும்.

கிழக்குக் கரையைத் தங்குமிடமாக நான் குடும்பங்களுக்குச் சொல்வதில்லை. பாத்ஷீபாவின் கடலரித்த பெரும்பாறைகளும், உலகெங்குமிருந்து அலைச்சறுக்கு வீரர்கள் தேடி வரும் சூப் பவுல் அலைகளும், ஆண்ட்ரோமெடா தாவரத் தோட்டமும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. ஆனால் அங்கே கடலடி இழுப்பு கடுமையானது. நீர் வடியும் நேரத்தில் பாறைகளுக்கு நடுவே தேங்கும் குட்டைகளில் உட்கார்ந்து குளிக்கலாமே தவிர நீந்த முடியாது. ஒரு பகல் பயணத்துக்கு அது போதும். தென்கிழக்கில் 1887-இல் தொடங்கிய கிரேன் விடுதியும் அதன் கீழுள்ள இளஞ்சிவப்பு மணலும் அழகானவை. அலையின் வேகத்தை நினைத்தால், பதின்வயதுப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கே அந்த இடம் பொருந்தும்.

கரை முடிவானபின், உணவும் பானமும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கும் விடுதியா, சமையலறையுள்ள அடுக்ககமா என்ற கேள்வி வருகிறது. முதல்வகை விடுதியில் சிறுவர் மன்றம் இருக்கும், கணக்குப் பார்க்காமல் பிள்ளைகள் சாப்பிடலாம், பெற்றோருக்கு உண்மையாகவே ஓய்வு கிடைக்கும். ஆனால் அந்தக் கட்டணத்தில் பெரியவர்களின் மதுவுக்கான பங்கும் அடங்கியிருக்கிறது. மது அருந்தாத, அல்லது மரக்கறி மட்டுமே உண்ணும் குடும்பம், தனக்குப் பயன்படாத ஒன்றுக்கு நாள்தோறும் பணம் செலுத்துகிறது. மேலும் வேளைக்கு வேளை உள்ளேயே சாப்பாடு என்றானபின் வெளியே போகும் மனமும் குறைந்துவிடுகிறது. பார்படோஸைப் பொறுத்தவரை அது பெரிய இழப்பு. சோளமாவோடு வெண்டைக்காய் சேர்த்துக் கிண்டும் கூ-கூவும், நாகப்பட்டினக் கரையில் கோலா என்று சொல்லும் பறக்கும் மீனின் குழம்பும் இந்நாட்டின் தேசிய உணவு. வெள்ளிக்கிழமை இரவில் ஆயிஸ்டின்ஸ் மீன்சந்தையில் கண்ணெதிரே சுட்டுத் தரும் மீனைப் பொதுமேசையில் உள்ளூர்க் குடும்பங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்கு விடுதி உணவு ஈடாகாது. மரக்கறிக்காரர்கள் உருளைக்கிழங்கு மசாலா சுற்றிய ரொட்டியை எளிதில் பெறலாம். செஃபெட் என்ற உள்ளூர்த் துரித உணவகங்களில் அதுவும் கிடைக்கும், சிலவற்றில் குழந்தைகள் விளையாட இடமும் இருக்கும்.

அடுக்ககத்தில் சோறும் பருப்பும் வைத்துக்கொள்ளலாம், குழந்தைக்கு வேண்டிய நேரத்தில் உணவு கொடுக்கலாம், இரவில் பெரியவர்கள் தனியறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருக்கலாம். சுண்ணாம்புப் பாறையில் இயற்கையாக வடிகட்டப்பட்ட நிலத்தடி நீர்தான் குழாயில் வருவதால் அதைக் குடிக்கலாம்; தண்ணீர் போத்தல் சுமக்கும் வேலையில்லை. ஆனால் பொருட்களில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால் மளிகை விலை உயர்ந்தது, ஆகவே மசாலாத்தூளைக் கையோடு கொண்டுபோவது நல்லது. உள்ளூர் நாணயம் அமெரிக்க டாலருக்கு 2 என்று நிலையாக இருப்பதால், ஒரு விலையைப் பார்க்கும்போது அது எந்த டாலர் என்று முதலில் கேட்க வேண்டும். வாடகையின் மேல் வரியும் சேவைக் கட்டணமும் அரசின் தங்குமிடத் தீர்வையும் சேரும் என்பதால் இரண்டு இடங்களை ஒப்பிடும்போது இறுதித் தொகைகளை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

செல்லும் மாதமும் கரையை மாற்றக்கூடும். 2011 முதல், மார்ச்சிலிருந்து ஆகஸ்டு வரையிலான மாதங்களில் பல ஆண்டுகளில் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி திரளாக மிதந்து வந்து கிழக்கிலும் தென்கிழக்கிலும் ஒதுங்குகிறது, சில சமயம் தெற்கிலும் குவிகிறது. அழுகும்போது கெட்ட முட்டையின் நாற்றம் வீசும். மேற்குக் கரைக்கு இது வருவது அரிது. எனவே டிசம்பர் விடுமுறைக்குத் தெற்கைத் தேர்ந்தெடுக்கும் நான், கோடை விடுமுறைக்கு மேற்கின் கூடுதல் வாடகையைக் கொடுத்துவிடச் சொல்வேன்.

கோடையில் புயலும் கணக்கில் சேர்கிறது. ஜூன் தொடக்கம் முதல் நவம்பர் இறுதி வரை புயல் காலம். பார்படோஸ் மற்ற தீவுகளுக்குக் கிழக்கே ஒதுங்கி நிற்பதால் 1955-இல் ஜேனட் தாக்கிய பிறகு 2021-இல் எல்சா வரும்வரை அங்கே பெரும்புயற்காற்று வீசவில்லை. ஆயினும் 2024 ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுனின் கென்சிங்டன் ஓவல் அரங்கில் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணி, பெரில் புயலால் விமான நிலையம் மூடப்பட்டு அங்கேயே சிக்கிக்கொண்டு, ஜூலை 4 அன்று காலைதான் டெல்லி வந்து சேர்ந்தது. உலகக் கோப்பை அணிக்குத் தனி விமானம் வந்தது, குடும்பங்களுக்கு வராது. அந்த மாதங்களில் அறை எடுப்பவர்கள், புயல் அறிவிப்பு வந்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா, விமானம் ஓடாத நாட்களில் அதே வாடகைக்கு அறை நீடிக்கப்படுமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டபின் முன்பணம் செலுத்துவது முறை. தனிநபர்களின் அடுக்ககங்களைவிடப் பெரிய விடுதிகளே இதற்குப் பெரும்பாலும் தெளிவான விடை தருகின்றன.