மோதிரக் கதை: நீளப் பதிப்பா, புத்தகமா?

கிருஷ்ணகிரியில் படிக்கும் அக்கா மகன், தீய மோதிரத்தை அழிக்கக் கிளம்பும் ஃப்ரோடோவின் கதையான ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்கள் மூன்றையும் பார்த்துவிட்டு வந்தான். டோல்கீனின் நாவலை வைத்து எடுத்தவை. "மாமா, கதையில இவ்வளவு ஓட்டையா? நீளப் பதிப்பு பார்த்தா போதுமா, புத்தகமே படிக்கணுமா?"

நேரம்: தியேட்டரில் வராத காட்சிகளைச் சேர்த்த நீளப் பதிப்பு மூன்றும் சேர்ந்து 11 மணி நேரத்துக்கு மேல். புத்தகம் ஆயிரம் பக்கம். தினமும் தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் போய்வருபவனுக்கு இரண்டு மாதம் ஓடும்.

கெட்ட மந்திரவாதி சாருமான் என்ன ஆனான்? 2003இல் தியேட்டரில் வந்த கடைசிப் படத்தில் பதிலே இல்லை. நீளப் பதிப்பில் கோபுரத்து உச்சியில் குத்துப்பட்டு விழுகிறான். புத்தகத்தில் ஃப்ரோடோவின் ஊரான ஷயரையே நாசமாக்கிவிட்டுத்தான் சாகிறான்.

காலம்: படத்தில் நல்ல மந்திரவாதி கந்தால்ஃப் மோதிரத்தைப் பற்றி விசாரிக்கப் போனதும் திரும்பியதுபோல் இருக்கும். புத்தகத்தில் நடுவே 17 ஆண்டுகள்! 33 வயதில் மோதிரம் பெற்ற ஃப்ரோடோ 50 வயதில்தான் கிளம்புகிறான். மோதிரம் அவனை மெல்ல மெல்லப் பிடித்தது அப்போதுதான் உறைக்கும்.

அப்புறம் கழுகுகள். மோதிரத்தை அழிக்கும் மலைக்கு அவற்றின் மேலேறி ஏன் பறந்தே போகவில்லை? படம் விளக்குவதில்லை. புத்தகத்தில் கழுகுத் தலைவன் க்வாய்ஹிர், தான் சேதி சுமக்க வந்தவன், பாரம் சுமக்க அல்ல என்கிறது. பாதி பதில்தான், ஆனாலும் அவை கருடன்போல யாருக்கும் வாகனமல்ல என்பது புரியும்.

சாருமான் மட்டும் உறுத்தினால் நீளப் பதிப்பு போதும். கழுகும் காலமும் உறுத்தினால் புத்தகம்தான். அவன் கையில் முதல் பாகத்தைக் கொடுத்தனுப்பினேன்.