ஸ்நேக் பிளான்ட்டா, ஜீஜீயா? கொங்கு வீட்டுக்குள் வைக்க எது தோது

அதிகம் கவனிக்கத் தேவையில்லாத செடி ஒன்று வீட்டுக்குள் வைக்க வேண்டும் என்று கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ஒரு நர்சரியில் கேட்டால், பெரும்பாலும் நான்கைக் காட்டுவார்கள்: ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ (அட்டையில் இசட்-இசட் என்று எழுதியிருக்கும்), ஜேட், சோற்றுக்கற்றாழை. நான்குமே இலையிலோ தண்டிலோ கிழங்கிலோ தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ரகம். நான்குக்கும் ஒரே உபதேசம்தான் கிடைக்கும்: "ஒண்ணும் பண்ண வேண்டியதில்லீங்க, வாரத்துக்கு ஒருக்கா தண்ணி உட்டாப் போதும்." வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு அந்த வாரத்துக்கு ஒருக்கா என்பதே அதிகம். எதை வாங்கலாம் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. செடி இருக்கப்போகும் மூலையில் எவ்வளவு வெளிச்சம்? வீட்டில் சொம்பு யார் கையில்?

கற்றாழையை முதலில் தள்ளிவிடலாம். திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழை மண்ணே இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருப்பதைப் பார்த்து, இது எங்கும் பிழைக்கும் என்று நினைக்கிறோம். வாசலில் அதற்குத் தண்ணீர் இல்லை, வெளிச்சம் உண்டு. ஹாலில் நேர்மாறு. சோபாவுக்குப் பக்கத்தில் வைத்த கற்றாழை வெளுத்து, மெலிந்து, நாலாபுறமும் சாய்ந்துவிடும். திண்ணையிலோ பால்கனித் திட்டிலோ வையுங்கள், அது பாட்டுக்கு வளரும்.

ஜேட் என்ற பெயரில் நம்மூரில் அதிகம் விற்பது சின்ன வட்ட இலைகளுள்ள போர்ட்டுலகேரியா ஆஃப்ரா. கிராசுலா ஓவாட்டா என்ற உண்மையான ஜேட்டுக்கு இலை பெரிது, தடிமன் அதிகம். இரண்டுக்கும் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. முன்னதை அங்கே யானைகள் விரும்பித் தின்னும். நல்ல கிழக்கு ஜன்னல் இருந்தால் இரண்டுமே அழகுதான், இல்லாவிட்டால் இலை கொட்டும். கணுவில் மாவுப்பூச்சியும் வந்து உட்காரும். மரவள்ளி, பப்பாளி, மல்பெரி வைத்திருந்தவர்களுக்கு 2008க்குப் பிறகு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அது வேறு இனம், ஆனால் அதே குடும்பம். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும், அதுவும் பலமுறை. இதைச் செய்யப் பொறுமை உள்ளவர் 'கவனிக்கத் தேவையில்லாத செடி' கேட்டு வரமாட்டார்.

ஆக, போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

வேலியோரத்தில் மருள் செடியைப் பார்த்தவர்களுக்கு ஸ்நேக் பிளான்ட் புதிதல்ல. அதன் மேற்கு ஆப்பிரிக்கச் சொந்தம் இது. தாவரவியலில் இரண்டும் சான்சிவீரியா என்றிருந்தன. பிறகு டிரசீனாவில் சேர்த்துவிட்டார்கள். மொத்தமான, நிமிர்ந்த இலையே இதற்குத் தண்ணீர்த் தொட்டி. ஜீஜீ கிழக்கு ஆப்பிரிக்காக்காரர். இதன் இலையில் ஏறத்தாழ 91 சதவீதம் தண்ணீர், அதோடு மண்ணுக்குள் உருளைக்கிழங்கு அளவில் கிழங்குகளும் உண்டு. தண்ணீரில்லாமல் காய்வதைத் தாங்குவதில் ஜீஜீக்கே முதலிடம். வெளிச்சக் குறைவைத் தாங்குவதிலும் அப்படித்தான்: டியூப்லைட் மட்டும் எரியும் ஆபீஸ் மூலையில்கூட இலை பளபளவென்று நிற்கும். வளராது, அவ்வளவுதான். அதே மூலையில் ஸ்நேக் பிளான்ட்டும் சாகாது, ஆனால் புது இலை ஒல்லியாகி, வரிகள் மங்கும்.

இத்தனைக்கும் என் ஓட்டு ஸ்நேக் பிளான்ட்டுக்குத்தான். காரணம், அழுகும் விதம். தண்ணீர் அதிகமானால் ஸ்நேக் பிளான்ட் உடனே சொல்லிவிடும்; இலையின் அடி கொழகொழத்து ஒன்று சாயும். மண்ணை மாற்றினால் மிச்சம் பிழைக்கும், சாய்ந்த இலையின் நல்ல பகுதியும் நடுவதற்கு ஆகும். ஜீஜீயோ கிழங்கு அழுகிய பிறகும் மேலே சிரித்துக்கொண்டிருக்கும். தண்டு மஞ்சளாகும்போது தோண்டிப் பார்த்தால் கிழங்கு கூழ். "காஞ்சு போய்க் கெடக்குதேன்னு ஒரு சொம்பு ஊத்தி உட்டேன் கண்ணு" என்று பாசத்தோடு சொல்லும் அம்மாயி இருக்கும் வீட்டில் ஜீஜீ தப்பிப்பது கஷ்டம். அங்கே மண் தொட்டியில் ஸ்நேக் பிளான்ட். இருவரும் வேலைக்குப் போய், ஷிஃப்ட் முடிந்து தூங்க மட்டும் வரும் வீடா? பாதி நாள் வெளியூரா? அங்கே ஜீஜீ.

எதை வாங்கினாலும், வந்த தொட்டியை முதலில் கவிழ்த்துப் பாருங்கள். பொள்ளாச்சி பக்கத்திலேயே இருப்பதால், நம் நர்சரிச் செடிகள் பலவும் வெறும் தேங்காய் நார்க்கழிவில்தான் வருகின்றன. நர்சரிக்கு அது வசதி: எடை குறைவு, விலையும் குறைவு. வீட்டுக்குள் வந்ததும் நடுவில் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டாலோ தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடும். பெரும்பகுதியை உதிர்த்துவிட்டு, செம்மண், கழுவிய எம்-சாண்ட், உடைத்த செங்கல் அல்லது கரித்துண்டு மூன்றையும் சம அளவில் கலந்து நடலாம். கரிசல் மண் மட்டும் வேண்டாம்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காமல், விரலையோ ஒரு ஈர்க்குச்சியையோ மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஸ்நேக் பிளான்ட்டுக்குப் பாதி ஆழம்வரை காய்ந்தால் ஊற்றலாம், ஜீஜீக்கு முழுக்கக் காயட்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கத்தில் ஜன்னலோரத் தொட்டி சீக்கிரம் காயும். சித்திரை வெயிலில் ஈரோட்டிலும் கரூரிலும் அப்படித்தான். ஐப்பசி மழையில் மாதம் முழுக்க ஊற்றாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. போர் தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும், இலை நுனியும் கருகும். மழைத்தண்ணீரோ குடிக்கிற நல்ல தண்ணீரோ அவ்வப்போது அடிவழியே வடியுமளவு ஊற்றினால் உப்பு இறங்கிவிடும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

காற்றைச் சுத்தப்படுத்தும் என்ற விளம்பரத்துக்காக ஒன்றைவிட இன்னொன்றுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். நாசா 1989இல் வெளியிட்ட ஆய்வு, காற்றுப்புகாத சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2019இல் போட்ட கணக்குப்படி, கட்டடத்துக்குள் இயல்பாக வந்துபோகும் காற்றின் வேலையைச் செடிகளே செய்ய, சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவை. பாய் விரிக்க இடமிருக்காது. ராத்திரி ஆக்சிஜன் தரும் என்பதும் அரைகுறைப் பேச்சு. ஸ்நேக் பிளான்ட் இரவில் இலைத் துளையைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும், அது உண்மை. ஆக்சிஜன் உருவாக வெளிச்சம் வேண்டும்.

தவழும் குழந்தையோ எதையும் கடிக்கும் நாய்க்குட்டியோ இருந்தால் இரண்டையுமே உயரத்தில் வையுங்கள். ஜீஜீயில் உள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயை எரிக்கும். ஸ்நேக் பிளான்ட்டைத் தின்றால் வாந்தி வரலாம். ஜீஜீயால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது வெறும் வதந்தி.

விலையில் ஜீஜீ சற்று அதிகம். ஸ்நேக் பிளான்ட்டைக் காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை, தெருவில் யார் வீட்டிலாவது தொட்டியை முட்டிக்கொண்டு நிற்கும், கேட்டால் ஒரு பக்கக்கன்று கிடைக்கும். இலையை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நட்டாலும் முளைக்கும். ஜீஜீயின் ஒற்றை இலையும் முளைக்கும்தான், ஆனால் முதலில் மண்ணுக்குள் கிழங்கு கட்டி, அப்புறம் தலைகாட்டப் பல மாதம் ஆகும். மஞ்சள் விளிம்புள்ள ஸ்நேக் பிளான்ட்டை மட்டும் இலை வெட்டி நடாதீர்கள். வரும் கன்று வெறும் பச்சையாக வரும், மஞ்சள் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும்.