வண்ணார்பேட்டை ராத்திரிப் புரோட்டாக் கடை: பில்பாவோ தோல்வியைப் பார்த்த இடம்

இந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. இருந்த பலகையை 2023 டிசம்பர் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கடைக்கார அண்ணாச்சி இன்னும் புதுசு மாட்டவில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டை மேம்பாலம் இறங்கி ஆற்றுப் பக்கமாகத் திரும்பினால், கொத்து புரோட்டா போடுகிற சத்தமே வழி சொல்லிவிடும். கங்கைகொண்டான் சிப்காட்டில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ் என்னை இறக்கிவிடும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். அந்த நேரத்துக்குச் சூடாகச் சாப்பிட எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் இது ஒன்றுதான். ஆறு வருடமாகப் போகிறேன்.

முதலில் சாப்பாடு. புரோட்டா ஒன்று 15 ரூபாய். மாஸ்டர் கல்லிலிருந்து நாலு நாலாக எடுத்து அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவார். அப்போது ஏடு ஏடாகப் பிரிந்து ஆவி வரும். அதை அந்த நிமிடமே பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றிச் சாப்பிட வேண்டும். பார்சல் வாங்கிப் போனால் பாதி ருசி போய்விடும். சால்னா தண்ணியாக இருக்காது. சோம்பும் தேங்காயும் நன்றாக அரைபட்டிருக்கும். பன்னிரண்டரைக்கு மேல் போனால் சால்னா தீர்ந்திருக்கும், வெங்காயமும் ஆம்லெட்டும்தான் கிடைக்கும். இது எனக்கு உண்மையிலேயே குறைதான். அண்ணாச்சியிடமும் சொல்லியிருக்கிறேன். சுக்குக் காபி உடன்குடிக் கருப்பட்டியில் போடுகிறார்கள், 20 ரூபாய். மழைக்காலத்தில் அதற்காகவே போகலாம்.

இதையெல்லாம் விட, இந்தக் கடை ஐரோப்பியக் கால்பந்து போடுகிற கடை. கிரிக்கெட் நாட்களில் எல்லா டீக்கடையிலும் டிவி ஓடும். நடுராத்திரி பன்னிரண்டரைக்கு ஆரம்பிக்கிற ஆட்டத்துக்காக ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு உட்காரும் கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பன்னிரண்டு பேர் உட்காரலாம். மேலப்பாளையத்துப் பையன்கள் நாலைந்து பேர், ஆஸ்பத்திரி இரவுப் பணிக்கு நடுவில் வந்து போகிற ஒரு தம்பி, ஜங்ஷன் ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள், அப்புறம் எழுபது தாண்டிய ஒரு சாச்சா. சாச்சா பழ மண்டியில் கணக்கு எழுதியவர். வாலிபத்தில் கால்பந்தில் லெஃப்ட் ஹாஃப், அதாவது இடது பக்க நடுக்களம், ஆடியவர்.

நான் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பின் ரசிகன். 2008 மே 21, செல்சீயை ஜெயித்த மாஸ்கோ சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை பாலிடெக்னிக் விடுதியில் பார்த்தேன். அவர்களுடைய ஜான் டெர்ரி பெனால்டி அடிக்கப்போய் வழுக்கி விழுந்ததும், கடைசியில் அனெல்காவின் பெனால்டியை நம்ம கீப்பர் வான் டெர் சார் தட்டிவிட்டதும் இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது. சரியாக 17 வருடம் கழித்து, 2025-இல் அதே மே 21-ஆம் தேதி, ஸ்பெயினில் பில்பாவோவின் சான் மமேஸ் மைதானத்தில், சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த ஐரோப்பியக் கோப்பையான யூரோப்பா லீக்கின் இறுதியாட்டம். எதிரணி லண்டனின் டாட்டன்ஹாம். நமக்கு மணி பன்னிரண்டரை. அன்றைக்கு ஷிஃப்ட் சட்டையோடவே கடையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றிச் சொல்ல முடியாது. 42-ஆவது நிமிடத்தில், டிவியில் பந்து இன்னும் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கும்போதே பக்கத்து பெஞ்ச் பையன் தலையில் கை வைத்துவிட்டான். அவன் ஃபோனில் கோல் வந்துவிட்டது. டிவி அரை நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. வரப்போவது தெரிந்தே நாங்கள் எல்லோரும் அந்த கோலைப் பார்த்தோம். டாட்டன்ஹாமின் பிரென்னன் ஜான்சன் ஓடி வருகிறார், பந்து நம்ம லூக் ஷா மேல் பட்டுத் திரும்புகிறது, எப்படியோ உருண்டு கோட்டைத் தாண்டுகிறது. அழகான கோல் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். அதற்கப்புறம் ஆட்டத்தின் பெரும்பகுதி பந்து நம்ம ஆட்களிடம்தான். நம்ம ஹோய்லுண்ட் தலையால் முட்டிய பந்தை அவர்களுடைய வான் டெ வென் கோட்டுக்கு மேலே அந்தரத்தில் படுத்து உதைத்து வெளியே தள்ளினார். 1-0. அவ்வளவுதான்.

யாரும் பேசவில்லை. அண்ணாச்சி எழுந்து டிவியை அணைத்தார். பிறகு கேட்காமலேயே எல்லோருக்கும் சுக்குக் காபி வைத்தார். காசு வாங்கவில்லை. மறுநாளிலிருந்து கடையில் ஒரு சட்டம் வந்தது: ஆட்டம் ஆரம்பித்தால் எல்லோரும் ஃபோனைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் அந்த சீசனை 15-ஆவது இடத்தில் முடித்தோம். 38 ஆட்டத்தில் 18 தோல்வி, 42 புள்ளி, அடித்த கோல் 44தான். பிரீமியர் லீக் என்று ஆரம்பித்த பிறகு யுனைடெட் இவ்வளவு கீழே முடித்ததில்லை. பில்பாவோவில் ஜெயித்திருந்தால் சாம்பியன்ஸ் லீக் இடம் கிடைத்திருக்கும். தோற்றதால் 2025-26 சீசனில் ஐரோப்பியப் போட்டி எதிலுமே ஆட்டம் இல்லை. ஜூன் மாதம் முழுக்க இந்தக் கடையில் ஒரே பேச்சு, இதை எங்கிருந்து கட்டி எழுப்புவது என்பதுதான்.

இந்த இடத்தில் வெள்ளத்தைச் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி பொங்கியபோது இந்தக் கடைக்குள் கல்லா மட்டத்துக்குத் தண்ணீர். வடிந்த பிறகு முழங்கால் வரை சேறு. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மண்வெட்டி பிடித்தேன். அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? கையிலிருந்த காசில் முதலில் தரையை ஒன்றரை அடி உயர்த்தினார். அப்புறம் சாக்கடைக்குப் பெரிய குழாய். அப்புறம் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த பழைய புரோட்டாக்கல்லைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தார்கள். மாஸ்டரும் அவரும் மாற்றி மாற்றி, இரண்டு நாள். துரு போய்க் கறுப்பு தெரிந்ததும் எண்ணெய் தடவி ஒரு பகல் முழுக்கச் சூடேற்றினார்கள். புதுக்கல் வாங்கினால் பழகுவதற்கு ஆறு மாதம் ஆகும் தம்பி என்றார். கடை மூடியிருந்த ஒன்றரை மாதமும் வேலையாட்கள் நாலு பேருக்கும் பாதிச் சம்பளம் கொடுத்தார். நகையை வைத்துத்தான் கொடுத்தார் என்று பிறகு மாஸ்டர் சொல்லித் தெரியும். டிவி வந்தது 2024 ஜூனில், யூரோ கோப்பை ஆரம்பிக்கும்போது. பெயர்ப் பலகைதான் இன்னும் வரவில்லை.

அதனால்தான் யுனைடெட் கிளப் செய்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. 2024-இல் 250 பேர் வரைக்கும் வேலையை விட்டு அனுப்பினார்கள். 2025 பிப்ரவரியில் இன்னும் 150 முதல் 200 பேர் போக வேண்டியிருக்கும் என்று அறிவித்தார்கள். சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாட்டைக்கூட நிறுத்தினார்கள். நான் கேன்டீன் சாப்பாடு சாப்பிட்டு வேலை பார்க்கிறவன். ஷிஃப்ட் நடுவில் தட்டைப் பிடுங்கினால் அந்த இடத்தில் யாருக்கு வேலை ஓடும்? ஜெயிப்பதும் தோற்பதும் பதினோரு பேர் காலில் மட்டும் இருக்கிற விஷயம் என்று அந்த முதலாளிகள் நினைத்துவிட்டார்கள். துணி துவைக்கிறவர், டிக்கெட் கொடுக்கிறவர் எல்லாரும் சேர்ந்ததுதான் கிளப்.

அப்புறம் கோடையில் ஆள் எடுத்தார்கள். குன்யா, எம்பூமோ, செஸ்கோ. மூன்று பேரும் முன்னால் ஆடுகிறவர்கள். கூடுதல் தொகைகளையும் சேர்த்தால் 20 கோடி பவுண்டைத் தாண்டும். 44 கோல்தான் அடித்தோம், அதனால் அடிக்கிற ஆளை வாங்குவோம் என்கிற கணக்கு. நான் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பேரிங் போன கன்வேயருக்குப் பெரிய மோட்டார் மாட்டினால் பெல்ட்தான் அறும். நம்ம அணியில் பேரிங் போன இடம் நடுக்களம்.

இதை எனக்குக் கண்ணுக்கு முன்னால் காட்டியவர் மாஸ்டர். களக்காட்டுக்காரர், ஊர் அணிக்குக் கோல் கீப்பராக நின்றவர். 2025 ஆகஸ்டு 27 ராத்திரி, நாலாவது டிவிஷனில் ஆடும் கிரிம்ஸ்பி டவுனிடம் 2-2 சமன் ஆகி, பெனால்டியில் 12-11 என்று தோற்றுக் கிடந்தோம். அப்போதைய பயிற்சியாளர் அமோரிமின் 3-4-3 ஆட்ட அமைப்பு ஏன் ஓடவில்லை என்று நான் புலம்பியதும், மாஸ்டர் எண்ணெய் மினுங்கும் மாவு உருண்டைகளை மேடையில் அடுக்க ஆரம்பித்தார். பின்னால் மூன்று. குறுக்கே நாலு. முன்னால் மூன்று. நாலில் ஓரத்து இரண்டையும் கோட்டோரமாகத் தள்ளினார். "இவங்க ரெண்டு பேரும் ஏறி இறங்கவே நேரம் சரியா இருக்கும்ணே. நடுவுல யாரு இருக்கா பாருங்க." இரண்டு உருண்டைதான் இருந்தது. அதற்கு எதிரே எதிரணிக்கு மூன்று முட்டையை வைத்தார். அந்த இரண்டில் ஒன்றை விரலால் தொட்டு, "இது கசமீரோ, வயசு 33" என்றார். மற்றதைத் தொட்டு, "இது புரூனோ. கோல் பக்கத்துல நிக்க வேண்டிய ஆளு. இங்க வந்து முட்டைய வெரட்டிக்கிட்டு இருக்காரு." பிறகு அந்த உருண்டையை எடுத்து வீசிப் புரோட்டாவாக்கி எனக்கே போட்டார்.

அன்றைக்கு நான் பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்று கத்தினேன். சாச்சா அதுவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. "58-ல மியூனிக்ல யுனைடெட் டீம் போன விமானம் விழுந்து எட்டு ஆட்டக்காரங்க மவுத்தாயிட்டாங்க. கோச் மேட் பஸ்பியே பொழைச்சது பெரிசு. திரும்பி வந்து ஐரோப்பியக் கோப்பைய எடுக்க 68 ஆச்சு வாப்பா. அந்த விமானத்துல இருந்த பாபி சார்ல்டன்தான் பென்ஃபிகாவுக்கு எதிரா ரெண்டு கோல் போட்டான். பத்து வருஷம்" என்றார். நான் பதில் பேசவில்லை. 2013-இல் பயிற்சியாளர் ஃபெர்குசன் போனதிலிருந்து அமோரிம் வரைக்கும் நிரந்தரமாக அமர்த்தியதே ஆறு பேர். அந்த ஃபெர்குசனுக்கே 1986-இல் வந்து முதல் கோப்பை எடுக்க 1990 ஆனது. இப்போதெல்லாம் அந்த நாலு வருடத்தை யார் கொடுக்கிறார்கள்? ஆனாலும் சொல்கிறேன், ஆளை மாற்றுவதோ வைப்பதோ இரண்டாவது. ஒரு நல்ல நடுக்கள ஆட்டக்காரரை வாங்காவிட்டால் யார் வந்து நின்றாலும் இரண்டு உருண்டை, மூன்று முட்டைதான்.

ஒன்று மட்டும் சரியாகச் செய்திருக்கிறார்கள், அது கோல் கீப்பர். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் கிளப்பிலிருந்து வந்த சென்னே லாமன்ஸ், சுமார் 1.8 கோடி பவுண்டு. முன்வரிசைக்குக் கொட்டியதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மாஸ்டர் அவரைப் பார்த்த முதல் ஆட்டத்திலேயே, "பந்தைப் பிடிச்சுட்டு அவசரப்பட மாட்டேங்கான். நல்ல கீப்பருணே" என்று சொல்லிவிட்டார். 2025 அக்டோபர் 19, தீபாவளிக்கு முந்தின ராத்திரி, ஒன்பது மணிக்கு லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் ஆட்டம். வெளியே மழையும் வெடியும். கடைக்குள் பதினெட்டு பேர் நெருக்கிக்கொண்டு இருந்தோம். இரண்டாவது நிமிடத்தில் எம்பூமோ. அப்புறம் லிவர்பூல் மூன்று தடவை கம்பத்தில் அடித்தார்கள், 78-இல் காக்போ சமன் செய்தார். 84-இல் புரூனோ தூக்கிப் போட்ட பந்தை மக்வயர் தலையால் முட்டினார். 2016-க்கு அப்புறம் ஆன்ஃபீல்டில் முதல் வெற்றி. சாச்சா எழுந்து நின்றுவிட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அதிரசத்தை அண்ணாச்சி தட்டில் வைத்து நீட்டினார்.

2025 அக்டோபர் 25, சனிக்கிழமை பிரைட்டன் ஆட்டத்துக்கு நான் கடைசி இருபது நிமிடம்தான் வந்து சேர்ந்தேன். 3-0 என்று இருந்தது. நான் உட்கார்ந்த பிறகு அவர்கள் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். நடுவில் எப்படிப் பிளந்துகொண்டு வந்தார்கள் என்று பார்த்தீர்களா? ஜெயித்தோம், 4-2, சந்தோஷம்தான். ஆனால் நான் ஜூனிலிருந்து சொல்வது அந்த இருபது நிமிடத்தில் அப்படியே தெரிந்தது.

போகிறவர்களுக்குச் சில விவரம். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுங்கள், கடை வாசலில் இடமில்லை. கழிப்பறை கிடையாது. ஜி-பே உண்டு. பெண்கள் வந்தால் உள்ளே சுவரோரம் இருக்கிற மேசையை அண்ணாச்சி ஒழித்துத் தருவார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் சகோதரிகள் இரண்டு பேர் வழக்கமாக வருகிறார்கள். இங்கிலாந்தில் அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைத் திருப்பிவைத்தால், மார்ச் கடைசி வரைக்கும் எல்லா ஆட்டமும் நமக்கு ஒரு மணி நேரம் தள்ளித்தான்.  எனக்கு முதல் ஷிஃப்ட் வருகிற வாரங்களில் ஏழரைக்கே போய்விடுவேன். அந்த நேரத்தில் சால்னா அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கியிருக்கும். சுவரோரம் இடமிருந்து மூன்றாவது ஸ்டூல் சாச்சாவுடையது, அதில் மட்டும் உட்கார வேண்டாம்.