கீஸ்லரின் முடிவிலா வீட்டை இன்று எதைக் கொண்டு கட்டலாம்?

கட்டடக் கலைஞர் ஃபிரெடரிக் கீஸ்லர் 1950-களில் ஆண்டுக்கணக்காக உழைத்தும் கட்டப்படாமலே போன வடிவமைப்பு ‘முடிவிலா வீடு’. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் முழு அளவில் எழுப்பப் பேச்சு நடந்தது, கைகூடவில்லை. கம்பி வலையில் சிமெண்ட் பூசிய மாதிரியோடு நின்றுவிட்டது. 1965-இல் கீஸ்லரும் இறந்துவிட்டார்.

தரை வளைந்து சுவராகும், சுவர் வளைந்து கூரையாகும், எங்கும் மூலை கிடையாது. இந்தத் தொடர்ச்சிதான் அந்த வீடு. அதைச் சுமக்கத் தெரியாத பொருள், எவ்வளவு புதிதானாலும், எனக்கு வேண்டாம்.

எல்லோரும் முதலில் சொல்வது முப்பரிமாண அச்சு. இத்தாலியில் 2021-இல் முடிந்த டெக்லா வீடு அதற்கு நல்ல சான்று: மண்கலவை, 12 மி.மீ. உயரத்தில் 350 அடுக்குகள். ஆனால் டெக்லா தரையில் அகலமாகத் தொடங்கி, மேலே போகப் போகக் குறுகி மூடுகிறது. கீஸ்லரின் வீடோ தாங்கிகளின் மேல் நின்று, அங்கிருந்து வெளிப்புறமாகப் புடைக்கிறது. அந்த அடிவயிற்றை ஈரக் கலவையால் அந்தரத்தில் அச்சிட முடியாது. கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் அச்சு இயந்திரம் எதற்கு? போதாக்குறைக்கு, அடுக்குகளைக் குறுக்கே தைக்கும் கம்பியை உள்ளே செலுத்துவது இன்னும் தீராத தலைவலி.

அடுத்தது எஃகுச் சட்டகத்தின் மேல் வளைந்த பலகைகள். அஜர்பைஜானின் பாகு நகரில் உள்ள ஹைதர் அலியேவ் மையம் (2012) இப்படித்தான் எழுந்தது. இடைவெளியில் வெப்பக்காப்பு, குழாய், மின்கம்பி எல்லாம் அடங்கும், பொறியாளர்களுக்கு நிம்மதி. ஆனால் சுமையைத் தாங்குவது உள்ளிருக்கும் சட்டகம், தோல் வெறும் போர்வை. கீஸ்லருக்குத் தோல்தான் எலும்பு. படம் பிடிக்க அழகாக இருக்கும் என்பதற்கு மேல் இதில் எனக்கு ஆர்வமில்லை.

ஃபைபர் கிளாஸ் வளைவுக்கு ஏற்றது, எடை குறைவு. ஆனால் தீப்பிடித்தால் வரும் புகையும், நீண்ட காலச் சுமையில் மெல்லத் தொய்யும் குணமும் குடியிருக்கும் வீட்டுக்கு இடைஞ்சல்.

மிஞ்சுவது கீஸ்லரின் சொந்த வழியும் அதன் இன்றைய வாரிசும். கம்பி வலையில் கையால் பூசும் ஃபெரோசிமெண்ட் எந்த வடிவத்துக்கும் இணங்கும். ஆனால் தொழிலாளியின் கை எங்கே அசந்தாலும் அங்கே பூச்சு மெலியும், ஈரம் புகும், கம்பி துருப்பிடிக்கும்.

வாரிசு, பின்னல் துணிச் சென்ட்ரிங்: பலகைக்குப் பதில் இழுத்துக் கட்டிய துணியே கான்கிரீட்டைத் தாங்கும் அச்சு. 2018-இல் மெக்சிகோ நகரில் வைத்த ‘நிட்கேண்டெலா’ என்ற கான்கிரீட் ஓட்டில், இயந்திரம் பின்னிய சுமார் 25 கிலோ துணியை வடங்களோடு இழுத்துக் கட்டினார்கள். முதலில் மெல்லிய சிமெண்ட் பூச்சு. அது இறுகியதும் கான்கிரீட். மொத்தம் சுமார் 5 டன் எடையை அந்தத் துணி ஏற்றது. மரப்பலகையைச் செதுக்கி அச்சு செய்யும் செலவு மிச்சம். கட்டமைப்புக்கும் தோலுக்கும் பிரிவில்லை என்பதால் என் ஓட்டு இதற்கே.

ஒரு சிக்கல் உண்டு. இருபுறமும் இழுத்த துணி இயல்பாகவே சேணம்போல் வளையும். கீஸ்லரின் அறைகளோ முட்டைபோல் புடைத்தவை. இழுவிசையால் மட்டும் புடைப்பு வராது, உள்ளிருந்து காற்று தள்ள வேண்டும். எனவே அறைகளுக்குக் காற்றடைத்த அச்சு, அறைகள் ஒன்றோடொன்று சேரும் கழுத்துகளுக்குப் பின்னல் என்று பிரித்துச் செய்வேன். ஒற்றைக் கான்கிரீட் ஓடு குளிரையும் வெயிலையும் அப்படியே உள்ளே விடும். ஆகவே இரண்டு மெல்லிய ஓடுகள், நடுவே நுரைக்காப்பு. தாங்கிகளின் மேலும் திறப்புகளின் விளிம்பிலும் எஃகுக் கம்பியைத் தவிர்க்க வழியில்லை.

ஜன்னலில்தான் பொருள் மாறியாக வேண்டும். இருதிசை வளைவுக் கண்ணாடிக்கு ஒவ்வொரு திறப்புக்கும் தனி அச்சு தேவை. அக்ரிலிக் எளிதில் வளையும், ஆனால் வெப்பத்தில் கான்கிரீட்டைவிடப் பல மடங்கு விரியும். அதைச் சுற்றி ஒரு நெகிழ் இடைவெளி விடாமல் பொருத்தினால் முதல் கோடையிலேயே விரிசல் விடும்.