ஜார்ஜியாவில் வாடகைத் தாய்: முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

லண்டன், டொரண்டோ என்று நம்மவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ‘ஜார்ஜியாவில் சட்டப்படி வாடகைத் தாய். பிறப்புச் சான்றிதழில் உங்கள் இருவர் பெயர் மட்டுமே. பணம் மட்டும் கட்டுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’ அமெரிக்க மாநிலம் இல்லை. கருங்கடல் ஓரத்தில் இருக்கும் முன்னாள் சோவியத் நாடு, தலைநகரம் திபிலிசி. முதல் இரண்டு வாக்கியமும் உண்மைதான். 1997இலிருந்தே அங்கே இதற்குச் சட்டம் இருக்கிறது. சுமக்கும் பெண்ணுக்குக் குழந்தை மேல் உரிமை கிடையாது, சான்றிதழில் அவர் பெயரும் வராது. மூன்றாவது வாக்கியத்தில்தான் எங்களை மாட்டிவிட்டார்கள்.

நாங்கள் இருவரும் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியவர்கள். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. அந்தக் கதை இங்கே வேண்டாம். ஏஜென்சியின் பெயரையும் எழுதப்போவதில்லை. அலுவலகம் திபிலிசியில், ஒருங்கிணைப்பாளர் டெல்லிக்காரர். இந்தியாவில் காசுக்கு வாடகைத் தாய் வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததும் கடையை வெளிநாட்டுக்கு மாற்றிக்கொண்ட ரகம்.

பிரிட்டனில் இருப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஜார்ஜியச் சான்றிதழில் யார் பெயர் இருந்தாலும் பிரிட்டிஷ் சட்டத்துக்குப் பெற்றவர்தான் தாய். கருமுட்டை யாருடையது என்பது கணக்கிலேயே வராது. அவருக்குச் சட்டப்படி கணவன் இருந்தால், சாதாரணமாக அந்த மனிதன்தான் தகப்பன். குழந்தை பிறந்து 6 மாதத்துக்குள் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, நாம்தான் பெற்றோர் என்று உத்தரவு வாங்க வேண்டும். பெற்ற பெண் 6 வாரம் கழித்து எழுதிக் கொடுக்கும் சம்மதம்தான் செல்லும். அதற்கு முன் வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பில்லை. கணவன் இருந்தால் அவன் சம்மதமும் வேண்டும். சுமப்பவர் மணமாகாதவர் அல்லது விவாகரத்தானவர் என்றால் என் கணவரின் குடியுரிமை குழந்தைக்குத் தானாக வரும், பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். கணவன் இருந்தால் அது நடக்காது; உள்துறை அமைச்சகத்திடம் குழந்தையைப் பிரிட்டிஷ் குடியாகப் பதியச் சொல்லி விண்ணப்பித்துவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும்.

ஆகவே எங்கள் வக்கீல் ஆரம்பத்திலேயே ஒரே நிபந்தனைதான் போட்டார்: சட்டப்படி கணவன் இல்லாத பெண் வேண்டும். ஏஜென்சிக்கு எழுத்தில் கொடுத்தோம். ‘சிங்கிள் மதர், ஒரு பையன், ஆரோக்கியமானவர்’ என்று பதில் வந்தது. ஒப்பந்தம் இரண்டு பத்தியாக அச்சடித்திருந்தது, இடதுபக்கம் ஜார்ஜிய மொழி, வலதுபக்கம் ஆங்கிலம். ஆங்கிலத்தில் ‘மணமாகாதவர்’ என்றே இருந்தது. வக்கீலும் பார்த்துச் சரி என்றார்.

கர்ப்பம் பாதியைத் தாண்டியபோது வக்கீல் அந்தப் பெண்ணின் திருமண நிலைச் சான்றைக் கேட்டார். திபிலிசியில் ‘நீதி இல்லம்’ என்று ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. ஆற்றோரம், காளான் குடைகளை அடுக்கி வைத்த மாதிரிக் கூரை. பிறப்பு, திருமணம், சொத்துப் பதிவு எல்லாம் அங்கேதான், வேலை மளமளவென்று நடக்கும். அங்கே சுலபமாக வாங்கக்கூடிய காகிதத்துக்கு ஏஜென்சி ஈஸ்டர் விடுமுறை என்றது, கணினிக் கோளாறு என்றது, அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றது. பொறுமை போய், நாங்களே ஒரு ஜார்ஜியக் கல்லூரி மாணவியைப் பிடித்து, காசு கொடுத்து ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னோம். அந்த மாணவி இடதுபக்கத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து, திடீரென்று வலதுபக்கத்தைப் பார்த்தாள். மறுபடி இடதுபக்கம். “இதுல கல்யாணம் ஆனவங்கன்னுதானே போட்டிருக்கு?” என்றாள்.

மேலும் படிக்கச் சொன்னோம். ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு என்று போட்டிருந்ததோ, ஜார்ஜிய மொழியில் அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆங்கிலத்தில் இல்லாத பிடித்தங்கள் வேறு: அனுமதி இல்லாமல் திபிலிசியை விட்டுப் போனால் பிடித்தம், எங்களோடு நேரடியாகப் பேசினால் பிடித்தம். தகராறு வந்தால் ஜார்ஜியப் பிரதியே செல்லும் என்ற வரி மட்டும் இரண்டு பக்கமும் ஒழுங்காக இருந்தது.

ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். “மேடம், அவளுக்குப் பேப்பர்ல புருஷன் இருந்தா உங்களுக்கென்ன, குழந்தை உங்களுதுதானே?” என்றார். அந்தப் பெண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். “அந்த மாதிரிப் பொண்ணுங்ககூட உங்களுக்கு என்ன பேச்சு?” என்றார். இந்த வாக்கியத்துக்காகவே தனியாக ஒரு வழக்குப் போடலாம்.

போய்ப் பார்த்தோம். திபிலிசியின் வடக்கு ஓரத்தில் க்ல்டானி என்ற பகுதி, வரிசை வரிசையாக சோவியத் காலத்து அடுக்குமாடிகள். அங்கே பல கட்டடங்களில் லிஃப்ட்டில் ஏறுவதற்கே காசு போட வேண்டும். நிறைமாத வயிற்றோடு சில்லறை தேடிக்கொண்டு நிற்கிற இடத்தில்தான் ஏஜென்சி அவரைக் குடிவைத்திருந்தது, வேறு கர்ப்பிணிகளோடு ஒரே வீட்டில். ‘தனி அறை, சத்தான உணவு’ என்று எங்களிடம் மாதாமாதம் வாங்கியது எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை.

என்னைக் ‘கல்பட்டோனோ’ என்று மரியாதையாக அழைத்தார். மாணவி மொழிபெயர்த்தாள். “நான் எதையும் மறைக்கலை. அடையாள அட்டையைக் கொடுத்தேன், கல்யாணம் ஆயிருக்குன்னும் சொன்னேன். பரவாயில்லைன்னாங்க.” ஜார்ஜியர்களுக்கு 2017இலிருந்து ஐரோப்பாவுக்கு விசா இல்லாமல் போக வழி திறந்ததும் அவர் கணவர் போலந்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார். முதலில் பணம் வந்தது, பிறகு போன் வந்தது, பிறகு எதுவும் வரவில்லை. விவாகரத்து வாங்குவதற்கு அவருக்கு நேரமும் இல்லை, அவசியமும் வரவில்லை. ஆக, எங்களிடம் பொய் சொன்னது அவர் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது: விஷயம் வெடித்ததும் ஏஜென்சி எழுத்தில் கொடுத்த முதல் விளக்கமே ‘பெண் எங்களை ஏமாற்றிவிட்டார்’ என்பதுதான்.

அவர் அம்மா, ஜார்ஜியாவின் அப்காசியப் பகுதித் தலைநகர் சுகுமியில் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பத்துப் பிள்ளை பெற்றால் ‘வீரத்தாய்’ பதக்கம் கொடுத்த சோவியத் அரசாங்கம் அது, 1944இலிருந்து. பெண் முழுநேர வேலைக்கும் போக வேண்டும், பிள்ளையும் பெற வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை அரசே நடத்தும். 1993 செப்டம்பரில், பிரிவினைப் போரில், சுகுமி அப்காசியர் கையில் விழுந்தது. அப்காசியாவிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேல் ஜார்ஜியர்கள் ஓடிவந்தார்கள். இவர்களைக் குடிவைத்தது ட்ஸ்கால்டுபோவில், ஒரு காலத்தில் ஸ்டாலினே குளிக்க வந்த வெந்நீர் ஊற்று ஊரில், ஒரு பாழடைந்த ஆரோக்கிய விடுதியில். ஆண்கள் பலர் வேலை போய் உட்கார்ந்துவிட்டார்கள். சம்பாதிக்கக் கிளம்பியவர்கள் பெண்கள்.

அந்த அம்மா கிளம்பியது சார்ப் எல்லை வழியாகத் துருக்கிக்கு. பல பத்தாண்டுகள் மூடிக்கிடந்த அந்த எல்லை 1988இல்தான் திறந்தது. அந்தப் பக்கம் ஹோப்பா, டிராப்ஸான். வீட்டிலிருந்த கண்ணாடிச் சாமான்களைக் கொண்டுபோய் விற்றவர்கள், தேயிலை பறித்தவர்கள், உடம்பை விற்க வேண்டிவந்தவர்கள் என்று எல்லா வகையும் ஒரே பஸ்ஸில் போனார்கள். துருக்கியில் எல்லோருக்கும் ஒரே பெயர், ‘நடாஷா’. திரும்பிவந்தால் சொந்த ஊரிலும் அதே பார்வை. தேயிலைக் காசில் அரிசி வாங்கினாலும் பக்கத்து அறைக்காரி பேசுவதை நிறுத்தினாள் என்று மகள் சொன்னார். அதைப் பார்த்து வளர்ந்தவர் இப்போது என்ன செய்கிறார்? போலந்தில் ஆப்பிள் தரம் பிரிக்கும் வேலை என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறார். பையன் பாட்டியிடம். வீடியோ அழைப்பு வந்தால் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்கிறார், முகம் மட்டும் தெரிகிற மாதிரி. நாங்கள் இருந்தபோதும் ஒரு அழைப்பு வந்தது. கை வலித்து மாற்றிப் பிடிக்கும்போது ஒரு நொடி வயிறு தெரிந்துவிட்டதோ என்று பதறினார்.

அங்கே பாலியல் தொழிலுக்கு அபராதம் உண்டு, வாடகைத் தாய்க்குச் சட்டத்தின் முழு அனுமதி உண்டு. ஊர்வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். அப்போது ஜார்ஜியத் திருச்சபைத் தலைவராக இருந்த இரண்டாம் இலியா, குடும்பங்களில் மூன்றாவது பிள்ளைக்கும் அதற்கு மேலும் தானே ஞானஸ்நானம் கொடுப்பதாக அறிவித்து, 2008இலிருந்து ஆயிரக்கணக்கில் கொடுத்தார். அவரே 2014 கிறிஸ்துமஸ் மடலில் வாடகைத் தாய் முறையைக் கண்டித்தார். மூன்றாவது பிள்ளை தனக்கென்று பெற்றால் தேசத்தின் தாய், கடனை அடைக்க அடுத்தவருக்குப் பெற்றால் வெளியே சொல்ல முடியாதவள். இந்த வெட்கம்தான் ஏஜென்சிகளின் மூலதனம் என்பது என் கணிப்பு. வெளியே தெரியக்கூடாது என்று பயப்படுகிறவர் போலீசுக்குப் போகமாட்டார், பிடித்தத்தை எதிர்த்துப் பேசமாட்டார். நாமும் சொந்தக்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்று வாயை மூடிக்கொள்கிறோம், இல்லையா?

இன்னொரு தந்திரம், அவசரம். 2022இல் உக்ரைனில் போர் வந்ததும் அங்கே போய்க்கொண்டிருந்த கூட்டம் ஜார்ஜியா பக்கம் திரும்பியது. விலை ஏறியது, கஜகஸ்தான், கிர்கிஸ்தானிலிருந்தெல்லாம் பெண்களைக் கூட்டிவர ஆரம்பித்தார்கள். 2023 ஜூனில் அப்போதைய பிரதமர் காரிபாஷ்விலி, வெளிநாட்டவருக்கு 2024 ஜனவரி முதல் இது தடை என்று அறிவித்தார். சொன்ன தேதியில் தடை வரவில்லை. ஆனால் ‘கதவு மூடப்போகிறது, இந்த வாரமே முன்பணம் கட்டுங்கள்’ என்று ஏஜென்சிகள் அந்த அறிவிப்பைக் காட்டி வசூலித்தார்கள். 2025 பிப்ரவரியில், வாடகைத் தாய் வேலை என்று ஜார்ஜியாவுக்குக் கூட்டிப்போய்க் கருமுட்டை எடுக்கவைத்தார்கள் என்று தாய்லாந்துப் பெண்கள் பாங்காக்கில் பேசிய செய்தியைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. உங்களுக்குக் காட்டும் சிரித்த முகப் புகைப்படத்துக்குப் பின்னால் யார், எந்த நாட்டவர், பாஸ்போர்ட் யார் கையில் என்று கேட்காமல் இருக்காதீர்கள்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். சிசேரியன் தேதியை ஏஜென்சியே குறித்தது, அந்தப் பெண்ணிடமும் கேட்கவில்லை, எங்களிடமும் கேட்கவில்லை. அறுவைக்கென்று எங்களிடம் தனியாக வாங்கிய தொகையில் அவர் கைக்கு ஒரு ‘லாரி’ (ஜார்ஜிய நாணயம்) கூடப் போகவில்லை. பிறகு ஆரம்பித்தது காத்திருப்பு. கணவர் வேலைக்காக லண்டன் திரும்ப, நான் கைக்குழந்தையோடு திபிலிசியில் வாடகை வீட்டில் மாதக்கணக்கில் இருந்தேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் அங்கே ஒரு வருடம் விசா இல்லாமல் இருக்கலாம் என்பதால் பிழைத்தேன். உள்துறை அமைச்சகம் கேட்ட ஒவ்வொரு காகிதத்துக்கும் ஏஜென்சி ‘சேவைக் கட்டணம்’ கேட்டது.

போலந்திலிருக்கும் கணவரை நாத்தனார் மூலமாகத் தேடிப் பிடித்தோம். இப்படி ஒரு விஷயம் நடந்ததே தனக்குத் தெரியாது என்றார், பிறகு கையெழுத்துக்குப் பணம் கேட்டார். ஒரு பைசா கொடுக்காதீர்கள் என்று வக்கீல் தடுத்தார். ஆளே கிடைக்காவிட்டால் அவர் சம்மதம் இல்லாமலே நீதிமன்றம் உத்தரவு தரலாம். எங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டதே, அதுதான் சிக்கல். அடுத்தது பணக் கணக்கு. நியாயமான செலவுக்கு மேல் கொடுத்த எதையும் நீதிமன்றம் பார்த்து அனுமதிக்க வேண்டும். பெற்ற பெண்ணுக்கு உண்மையில் எவ்வளவு போனது என்று நீதிபதி கேட்கிறார்; எங்கள் ரசீதில் ஒரு தொகை, அவர் வங்கிக் கணக்கில் வேறு தொகை. வித்தியாசத்தை அவரிடமே கொடுத்துவிடுகிறோம் என்றோம். உத்தரவு வரும்வரை கைவைக்காதீர்கள் என்று பதில். அவர் தவணை கட்ட வேண்டிய கடன் அதுவரை காத்திருக்குமா என்று யாரிடம் கேட்பது?

இத்தனைக்கும் பிறகும் போகத்தான் போகிறீர்கள் என்றால், திருமண நிலைச் சான்று நீதி இல்லத்திலிருந்து உங்கள் கைக்கு வரும்வரை கருவை வைக்க விடாதீர்கள். ஏஜென்சி தரும் நகலை நம்பாதீர்கள், நீங்கள் அமர்த்திய ஜார்ஜிய வக்கீல் வாங்கட்டும். ஒப்பந்தத்தின் ஜார்ஜியப் பக்கத்தை ஏஜென்சிக்குத் தொடர்பே இல்லாத ஒருவர் முழுதாகப் படித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கான தொகை அவர் பெயரிலுள்ள கணக்குக்கு உங்களிடமிருந்து நேராகப் போகட்டும். மறுத்தால் அந்த ஏஜென்சியே வேண்டாம். கையெழுத்துக்கு முன் ஒருமுறையாவது சொந்த மொழிபெயர்ப்பாளரோடு அவரை அவர் வீட்டில் போய்ப் பாருங்கள், ஏஜென்சி ஆள் இல்லாமல். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விதிகள் வேறு, நான் சொன்ன பிரிட்டிஷ் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்திய வக்கீலைக் கேளுங்கள்.

பெயர் கேட்டு இன்பாக்ஸ் வர வேண்டாம், சொல்ல முடியாது. உங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தத்தில் இரண்டு பத்தி இருந்தால், ஜார்ஜியப் பக்கத்தைப் படித்துக் காட்ட அந்த மாணவி தயாராக இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கூலி கொடுத்துவிடுங்கள்.